ஆபீசரம்மா குடிக்காத தேநீர்

2009ஆம் ஆண்டு ஜூலை 7, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. தூறல். குடையை விரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாத அளவு தூறல். சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஒரு தொடக்கப்பள்ளியின் வாசலில் நான், என் மனைவி, ஆறு வயதுப் பாப்பா, ஆபீசரம்மா நால்வரும் நின்றிருந்தோம். காய்ச்சல் பரவிய காலம் என்பதால் உள்ளே விடுமுன் எல்லாருக்கும் உடல் வெப்பம் பார்த்தார்கள். எனக்கு 37.2. நால்வரில் எனக்குத்தான் அதிகம். "பயத்துல ஏறிடுச்சு ஐயா, வேற ஒண்ணுமில்ல லா" என்ற ஆபீசரம்மா, கைப்பையிலிருந்து நீல நிறத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மடக்கு குடித்தார்.

அந்தப் போத்தலை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும். அமைச்சின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல், திட்ட அதிகாரியான ஆபீசரம்மாதான் அவளைப் பார்க்க வருவார். பிறந்த சில நாட்களிலேயே கைவிடப்பட்ட குழந்தை அவள். யாரும் தேடி வரவில்லை. மூன்று வயது வரை குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவி விண்ணப்பித்தபோது எனக்கு வயது அறுபத்திரண்டு, துறைமுகக் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பால், பள்ளி, மருத்துவம் என்று ஆறு விதமாகக் கணக்குப் போட்டேன். ஆறிலும் பற்றாக்குறை. ஆபீசரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாதப்படி உண்டு, பாலர்பள்ளிக் கட்டணம் உண்டு, மருந்தகச் செலவு உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில், "தூக்கம் கெடும், அதுக்கு மட்டும் எங்ககிட்ட படி கெடையாது" என்றார். சொன்னபடியே எல்லாம் வந்தது, தூக்கமும் கெட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாய் தேநீர்கூட அவர் குடித்ததில்லை. என் மனைவிக்கு அது பெரிய குறை. "நாங்க போட்டா குடிக்க மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். "அக்கா, பார்க்க வந்த வீட்டுல கை நனைச்சா நாளைக்கு எப்படி உண்மைய எழுதுறது?" என்று சிரித்தபடி போத்தலைத் திறந்தார். மனைவி அன்று மாலை முழுவதும் முணுமுணுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு நாங்கள் போனது, பாப்பா எந்தத் தாய்மொழி படிப்பது என்று பேச. இங்கே பள்ளியில் சேர்க்கும்போதே தாய்மொழிப் பாடம் எது என்று முடிவாகிவிடும். தகப்பன் எந்த இனமோ பெரும்பாலும் அதைப் பார்ப்பார்கள். பாப்பாவுக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது. முகம் சீன முகம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சீனச் சொல்கூட யாருக்கும் வராது. சீன வகுப்பில் சேர்த்துவிட்டால் பாடம் சொல்லித்தர ஆளில்லை, அப்புறம் சீனக் குடும்பம் ஒன்றில் இருப்பதே அவளுக்கு நல்லது என்று யாராவது சொல்லிவிட்டால்? பதினொரு இரவுகள் அதை நினைத்தே புரண்டேன். ஆபீசரம்மாவிடம் கேட்டபோது, அப்படி நடக்காது என்று அவர் சொல்லவில்லை. "நடக்காம பாத்துக்கிறதுதான் என் வேலை" என்றார்.

"இவளத் தமிழ்ல சேக்குறது நடக்காதும்மா" என்றேன் வாசலில்.

"நடந்தா?"

"நடந்தா தேக்கா சாப்பாட்டுக் கடையில உங்களுக்கு பிரியாணி."

"நான்தான் வாங்கிச் சாப்பிடக் கூடாதே ஐயா."

"அப்ப நீங்க ரிட்டயர் ஆனதும்."

"பேச்சு மாறக் கூடாது. அக்கா, நீங்கதான் சாட்சி."

துணைத் தலைமையாசிரியர் நல்ல சீனப் பெண்மணி. பாப்பாவிடம் மாண்டரினில் ஏதோ அன்பாகக் கேட்டார். அவள் கூரையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் கேட்டார், பெயரை மட்டும் சொல்லிவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். போச்சு என்று நினைத்தேன். பதற்றத்தில் நானே ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன்: வீட்டில் எத்தனை தமிழ்ப் புத்தகங்கள், வாரத்துக்கு எத்தனை கதைகள், எந்த எழுத்தை எந்த மாதம் படித்தாள் என்று. நிறுத்தத் தெரியவில்லை. பாப்பா சட்டையை இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

"தாத்தா! கொஞ்சம் சும்மா இருங்களேன் லா! நீங்க இப்படிப் பேசுனா அவங்களுக்குத் தலைவலி வந்துரும், அப்புறம் என்னையச் சேக்க மாட்டாங்க!"

அறையில் தமிழ் தெரிந்த பெரியவர்கள் மூவரில் இருவர் சிரித்தார்கள். மூன்றாமவன் நான். துணைத் தலைமையாசிரியர் என்ன சொன்னாள் என்று கேட்க, ஆபீசரம்மா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை கோபத்தில் எந்த மொழிக்குப் போகிறாள் என்று நீங்களே பார்த்தீர்கள்" என்று ஆங்கிலத்தில் முடித்தார். அந்த அம்மையார் வெகுநேரம் சிரித்தார். பிறகு, இவளுக்கு வீட்டில் ஒரு மொழி இருக்கிறது, நாம் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை, என் ஆதரவை எழுதி அனுப்புகிறேன் என்றார். ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. பாப்பா தமிழ் வகுப்புக்குப் போனாள். எங்களோடேயே இருந்தாள். புத்தகம், சீருடை, பேருந்து அட்டை, பின்னால் பாலிடெக்னிக் கட்டணம் வரை உதவி வந்துகொண்டே இருந்தது. ஏதாவது ஒரு மாதம் நின்றுவிடும் என்று காத்திருந்தேன். ஒரு மாதமும் நிற்கவில்லை.

இப்போது எனக்கு எண்பத்தொன்று. பாப்பா பாலர்பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியை. பத்தொன்பது பிள்ளைகளுக்கு 'அ' சொல்லிக் கொடுக்கிறாள். சேட்டை செய்பவர்களை நாற்காலி மேல் ஏறாமலே அடக்குகிறாளாம்.

ஆபீசரம்மா போன மாதம் ஓய்வு பெற்றார். மறு சனிக்கிழமை, பகல் 12.40, நல்ல வெயில், தேக்காவில் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் பாப்பாவிடம், "தங்கச்சி, காரம் தாங்குமா?" என்றார். "எனக்குத் தாங்கும் அண்ணே. தாத்தாவுக்குத்தான் ஆகாது, அவருக்குக் கோழி குடுங்க." பணத்தைத் தானே கொடுப்பதாகச் சம்பளம் வரும் வங்கி அட்டையை நீட்டினாள். பந்தயம் கட்டியது நான் என்று தட்டிவிட்டேன். ஆபீசரம்மாவின் கைப்பையில் அதே நீலப் போத்தல் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, கோப்பையை என் மனைவி பார்க்கும்படி கவிழ்த்துக் காட்டி, "ஐயா, இன்னொண்ணு சொல்லுங்க" என்றார்.

ஆட்டிறைச்சி பிரியாணி மூன்று, கோழி ஒன்று, தேநீர் ஐந்து, அந்த இன்னொன்றையும் சேர்த்து, மொத்தச் செலவு நாற்பத்தொரு வெள்ளி.