கன்னத்தைப் பிடித்த முதலாளி

என் சித்தப்பா தணிக்கை அலுவலகத்தில் கத்தரி பிடித்தவர். படங்கள் பேசாத காலம் அது. அதிகாரிகள் மூன்று பேர் இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். ஊர் கெட்டுப்போகும் என்று தோன்றிய இடத்தையெல்லாம் தாளில் எழுதுவார்கள். அதை வெட்டி, மிச்சத்தை ஒட்டி, வெட்டிய துண்டைப் பின்வாசலில் எரிப்பது இவர் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது 'ஏன்' என்று கேட்டிருப்பாரா? மூச்! வீட்டில் மட்டும், "ஒட்டினது எங்கேன்னு எவனாவது கண்டுபிடிக்கட்டும் பாப்போம்!" என்று மார்தட்டுவார்.

அவர் மகள், என் அக்கா, ஒரு படத்தில் நடித்தாள். மில் கூலிக்காரி வேஷம். கையைப் பிடித்து இழுக்கும் முதலாளியை ஓங்கி அறைய வேண்டும். அவள் முகம் தெரிவதே அந்த ஒரு இடத்தில்தான். அதைப் பார்த்துவிட்டு வேறு படக் கம்பெனிக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று மலைபோல நம்பியிருந்தாள். தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியும் வைத்தாள்.

அதிகாரிகளுக்குப் பொறுக்குமா? கூலிக்காரி முதலாளியை அடிப்பதாவது! 'அறையும் காட்சி நீக்குக' என்று தாள் வந்தது. இந்த மனுஷன் பெற்ற மகளின் முகத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, கச்சிதமாக வெட்டினார். வீட்டில் வாயே திறக்கவில்லை.

முதல் நாளே குடும்பத்தோடு கொட்டகைக்குப் போனோம். திரையில் முதுகு காட்டி நின்ற பெண்ணின் கையை முதலாளி பிடித்தார். அடுத்த நொடி பெண்ணைக் காணோம். அவர் மட்டும் கன்னத்தைப் பிடித்தபடி பேந்தப் பேந்த விழித்தார். தாளில் அறை மட்டும்தானே இருந்தது! கன்னத்தைப் பற்றி அந்த மூன்று மேதைகளும் எழுதவில்லை, எழுதாததை இந்தப் புண்ணியவான் தொடவில்லை. "அடிச்சிட்டாடா!" என்று கொட்டகையே விசிலடித்தது. யார் அடித்தது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவரை நிறுத்தினாள்.

"அது நான்னு தெரிஞ்சுதான் வெட்டினீங்களாப்பா?"

"தாள்ல எழுதியிருந்துச்சேம்மா, நான் என்ன பண்ண?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தத் துண்டு எங்க?"

"எரிச்சாச்சு. அதான் விதி."

பிறகு, சொல்லவே எனக்குக் கூசுகிறது, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஒட்டினது தெரிஞ்சுதா?"

அக்கா அவரையே பார்த்தாள். கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான். சித்தப்பா சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.