வெட்டாத அரிவாளுக்கு மாட்டு விலை

கொல்லிமலையில் எங்கள் வீட்டுக்கு வந்த மகள்வயிற்றுப் பேத்தி, சினிமாவில் கதாநாயகன் பிடித்ததைப் போலவே ஓர் அரிவாள் வாங்கி வந்திருந்தாள். பளபளப்பில் மயங்கி, அவள் குளிக்கப் போனதும் அதை எடுத்துப் பலாப்பழத்தில் ஓங்கிப் போட்டேன். அரிவாள் முறிந்து, துண்டு என் கண்ணோரம் உரசிப் பறந்தது. பழம் அப்படியே இருந்தது.

பேத்தி ஓடி வந்தாள். "ஐயோ அம்மாயி, அது பிளாஸ்டிக்! ஒரு மாட்டு வெல குடுத்தேன்!"

"பிளாஸ்டிக்குக்கா கண்ணு?"

"படக் கம்பெனிக்கு உரிமைப் பணம் கட்டி, ரசிகருங்க அலமாரியில வெக்கறதுக்குன்னு நூறே நூறுதான் செஞ்சாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "நம்மூரு ஆசாரி அடிச்ச அருவா மரத்தையே சாய்க்குது. அவரு யாருக்குப் பணம் கட்டுனாரு? என்ற கண்ணு போயிருந்தா, வேற கண்ணு குடுப்பாங்களா உங்க கம்பெனிக்காரங்க?"

இப்போதெல்லாம் அவள் கொண்டுவரும் எதையும் தொடும் முன் கேட்டுவிடுகிறேன்: "இது வெட்டுமா சாமி, இல்ல நடிக்குமா?"