ஐயாவின் ஏச்சு

தென்காசி டாக்டர் எங்கள் ஐயாவைப் பற்றிக் கேட்டது மூன்றே கேள்விகள்தான். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, சத்தம் போடுகிறாரா. ஐயாவின் முகத்தை அவர் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஐயாவுக்கு மூளை சுருங்கி, பெற்ற பிள்ளைகளையே தெரியாமல் போயிருந்தது. என் பெயரும் போயிற்று. ஏச்சு மட்டும் மிச்சம். காலையில் நான் தலையில் தண்ணீர் ஊற்றினால், "ஏலே மூதி, கொல்லவால பாக்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஏசுவார். மெட்ராஸிலிருந்து இரண்டு மாத லீவில் வந்த அண்ணனுக்கு அது அவமானம். அவன்தான் டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கினான்.

நாலாம் நாள் ஏச்சு நின்றது. ஒரு வாரத்தில், வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்தார். தண்ணீர் ஊற்றினால் கண்ணைக்கூட மூடவில்லை.

"பாத்தியால, எவ்வளவு நிம்மதியா இருக்காரு!" என்றான் அண்ணன்.

யாருக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டே ஐயாவின் வாயில் நின்ற சோற்றை வழித்தெடுத்தேன்.

அடுத்த தடவை டாக்டர் என்னிடம், "எப்படி இருக்காரு?" என்றார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பெரிய மனுஷர் விசாரித்தால், வீட்டில் எழவே விழுந்திருந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான்.

"நல்லா இருக்காரு சார்."

"அப்ப இதையே குடு" என்று இன்னொரு மாதத்துக்கு எழுதிவிட்டார். அந்த மாதம் முழுவதும் ஐயா கட்டையாகக் கிடந்தார். என் நாக்கை நானே சபித்தேன்.

அண்ணன் ரயில் ஏறிய அன்றே மாத்திரையை நிறுத்தினேன். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் பஸ்ஸில் கூட்டிப்போய், சிற்றருவியில் தாங்கிப் பிடித்து நிறுத்தினேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஏலே மூதி! கொல்லவால பாக்க?"

பக்கத்தில் குளித்த ஒருவர் சிரித்தார். "பெரியவரு என்ன அண்ணாச்சி, இந்தப் போடு போடுதாரு?"

கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற நான், "எங்கய்யா" என்று சத்தமாகச் சொன்னேன்.

மறு மாதம் டாக்டர் குனிந்தபடியே கேட்டார். "சத்தம் போடுதாரா?"

"இல்ல சார். நல்லா இருக்காரு."

எழுதித் தந்த சீட்டை வாசல் சாக்கடையில் போட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஐயா என்னை ஏசிக்கொண்டே இருந்தார். மாத்திரையால்தான் ஐயா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அண்ணன் இன்றும் ஊரெல்லாம் சொல்கிறான். சொல்லட்டும். அவனா குளிப்பாட்டினான்?