முந்நூறு என்றே காட்டியது

மதினிக்கு வேலை போனதற்கு நான்தான் காரணம். வீட்டில் யாரும் இதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கம்ப்யூட்டரில் செருகுகிற வைஃபை குச்சி இருக்கிறதல்லவா, பெருவிரல் நீளத்தில்? அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று பேசும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காகப் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தபடி அதை எழுதுவதுதான் என் பிழைப்பு.

அந்தக் குச்சி சிக்னல் நன்றாக இருந்தால் வேகமாக அனுப்பும், நடுவே சுவர் வந்தால் மெதுவாக அனுப்பும். இந்த நிமிடம் என்ன வேகம் என்பது உள்ளே இருக்கும் சிப்புக்குத்தான் தெரியும். டிரைவர் அதைக் கேட்டு வாங்கித் திரையில் காட்ட வேண்டும். ஒரு புது சிப் வந்தது; பதிலை வேறு மாதிரி அனுப்பியது. எனக்குப் பிடிபடவில்லை. திரையில் சில நேரம் பூஜ்யம் காட்டியது. சோதித்துப் பார்ப்பவர்கள் புகார் எழுதினார்கள். சரக்கு வெளியே போக இரண்டே நாள்.

தெரியாத எண்ணைக் காலியாக விட வழி இருக்கிறது. அதுதான் யோக்கியமான வழி. ஆனால் காலியாக விட்டால் மறுபடி புகார் வரும். குச்சியும் ரவுட்டரும் முதலில் இணையும்போது, நம்மால் அதிகபட்சம் இவ்வளவு முடியும் என்று பேசிக்கொள்ளும் வேகம் ஒன்று உண்டு. அதை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டேன். முந்நூறு. எப்போது பார்த்தாலும் முந்நூறு. ‘பிறகு சரிசெய்ய வேண்டும்’ என்று பக்கத்தில் குறித்தும் வைத்தேன். புகார் நின்றது, மேலதிகாரிக்கு சந்தோஷம், நானும் மறந்துபோனேன்.

அண்ணன் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கிறான். மதினிக்கு வீட்டிலிருந்தே ஒரு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வழியாகவே நோயாளிகளைக் கூப்பிட்டு, என்றைக்கு வர வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை. அந்தப் புது சிப் வைத்த குச்சி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். “இதுக்குள்ள ஓடுதது நான் எழுதுனதாக்கும்” என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ரவுட்டர் முன்னறையில். அங்கே டிவி ஓடும், பேச முடியாது. அதனால் கம்ப்யூட்டரை அடுக்களைக்குப் பின்னால், கனத்த கல்சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார். ஒரு மாதம் ஆவதற்குள் போன் வந்தது.

“தம்பி, நான் பேசுதது அங்கன பாதிதான் கேக்குதாம். நான் மைக்க அமத்திட்டு அடுப்பு வேலை பாக்கேன்னு சூப்பர்வைசரம்மா சொல்லுதா.”

திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முந்நூறு. “வைஃபையில ஒரு கொறையும் இல்ல மதினி, லைன் ஆளக் கூப்பிடுங்க” என்றேன். லைன் போட்ட அண்ணாச்சி வந்து, முன்னறையில் ரவுட்டரிலேயே ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, லைன் அருமையாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மை. லைனும் சரி, வைஃபையும் சரி என்றால் மிச்சம் மதினிதான். அதை நான் வாய்விட்டும் கேட்டேன்.

“தெரியாம நீங்களே எதையாவது அமத்துதீங்களா?”

“இல்ல தம்பி. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கெஞ்சலாகக் கேட்டார். எனக்கோ மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தையே சூப்பர்வைசருக்கும் அனுப்புங்கள், உங்கள் பக்கம் எல்லாம் சரி என்று தெரியட்டும் என்று யோசனை சொல்லி போனை வைத்தேன். என்ன ஒரு அறிவாளி! அவரும் அனுப்பினார். நெட் இவ்வளவு நன்றாக இருந்தும் குரல் போகிறதென்றால் வேண்டுமென்றேதான் என்று முடிவு கட்டி, அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில். அந்தக் குச்சியை வாங்கிய ஒருவர், அதை அலுமினியத் தாளில் சுற்றி வைத்தாலும் முந்நூறு காட்டுகிறதே எப்படி என்று கேட்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் டிரைவர் புரோகிராமைத் திறந்தேன். என் வரி. பக்கத்தில் என் பெயர். மதினி அனுப்பிய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்; அதே முந்நூறு. ஊரை ஏமாற்றியது இருக்கட்டும். பொய்யை எழுதியவனே அதை நம்பி, உண்மை சொன்னவரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

சிப் அனுப்பும் பதிலைப் பிரித்துப் புரிந்துகொள்ள நாலு நாள் ஆனது. நாலே நாள். ஞாயிற்றுக்கிழமை, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் போகும் பாபநாசம் பஸ் ஏறிப் போய், மதினியின் கம்ப்யூட்டரில் புது டிரைவரை ஏற்றினேன். பின்னறையில் பதின்மூன்று காட்டியது. பேசும்போது சாத்திக்கொள்கிற கதவைச் சாத்தினேன். ஆறு.

மதினி குழம்புக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்று ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

“அந்த எடத்துக்கு வேற ஆள் எடுத்துட்டாங்க தம்பி. விடுங்க.”

இன்னும் நாலைந்து உள்ளியை உரித்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

“அந்தம்மா என்னைய நேர்ல கண்டதே இல்ல, படத்தப் பாத்து முடிவு பண்ணிட்டா. நீங்க வீட்டாளு. நான் சொன்னத நீங்க ஏன் தம்பி நம்பல?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். திருநெல்வேலிக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.