அண்ணன் நடிக்கவில்லை

அண்ணன் ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்றார்கள். நல்லதெல்லாம் அண்ணனைப் பற்றியது. மற்றதற்கு உரியவர்களும் இதை வாசிக்கட்டும்.

அண்ணன் தூத்துக்குடியில் பிறந்தவர். காலராவில் அப்பாவும் அம்மாவும் போனபோது, கைக்குழந்தையான என்னை ஆலந்தலைச் சித்தி தூக்கிப் போனார். அண்ணனைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். சங்கு குளிக்க மூச்சுப் பழக்குகிறேன் என்று தொட்டித் தண்ணீரில் தலையை அமுக்கிப் பிடிப்பாராம். திமிறினால் கயிற்றடி, அன்றைக்குச் சோறு கிடையாது. கல்யாணமான பிறகும் அண்ணன் சுவரில் முதுகை ஒட்டித்தான் தூங்குவார் என்பார் மதினி.

யுத்த காலத்தில் தோணியின் பாய்மரக் குறுக்குக்கட்டை முறிந்து விழுந்து அண்ணனுக்கும், கூடத் தொழிலுக்குப் போன சூசை அண்ணாச்சிக்கும் மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அண்ணாச்சி, கஞ்சியில் உப்பில்லை என்று தாயாரோடு சண்டை போட்டே தேறினார். அண்ணனோ கதவு தட்டினால் நடுங்குவார். பேச்சு பாதியில் நின்றுவிடும். பெரியப்பா வந்தால் அந்தப் பாதியும் வராது.

"சூசை கடலுக்கே போயிட்டான். இவன் நடிக்கான்ல" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். உறவினர் பலரும் தலையாட்டினீர்கள். இருவருக்கும் விழுந்த அடி ஒன்றுதான். ஆனால் அண்ணன் சிறுவயதிலிருந்தே அடுத்த அடிக்குக் காத்திருந்தவர். அந்த உடம்பு படுத்தாலும் ஓயாது, ஓயாமல் எங்கே தேறும்? இதை டாக்டர் சொல்லவில்லை, கூடவே இருந்த மதினி சொன்னார்.

கடலில் இறக்கினால் கலங்கிய தலை தெளியும் என்று பெரியப்பா அண்ணனைத் தோணியில் ஏற்றினார். நம் வழக்கத்தில் சங்கு குளிக்க மூழ்குபவனை மேலே இழுக்கும் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கையின் தாலிக்காக அவன் கண்ணயர மாட்டான். அன்று மதினியின் அண்ணனைத் தள்ளிவிட்டுப் பெரியப்பாவே கயிற்றைப் பிடித்தார். மூழ்குவதற்குக் கட்டிய கல்லில் கால் வைத்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீரு இழுக்க மாட்டீரு, பெரியப்பா."

அடிபட்ட பிறகு அவர் முழுதாகச் சொன்ன முதல் பேச்சு அது. காயம் ஆறியும் ஆறாத அந்தத் தலையிலேயே பெரியப்பா அறைந்தார். மதினியின் அண்ணன் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, "மாப்பிள்ள இனிமே எங்க வீட்டுலதான் இருப்பாரு. நீரு அங்கன வந்தா மரியாதை இருக்காது" என்றார்.

அந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தவில்லை. அண்ணன் மெல்லப் பேசினார், வலை முடைந்தார், மகளைத் தூக்கிக்கொண்டு கரையில் நடந்தார். மண்டை உடைந்ததிலிருந்து வந்துகொண்டிருந்த வலிப்பு மட்டும் விடவில்லை. கடைசியில் அதுதான் கொண்டுபோனது.

மதினிக்கும் அவர் அண்ணனுக்கும், மகன் கஞ்சியில் அண்ணனுக்கும் ஒரு வாய் வைத்த சூசை அண்ணாச்சியின் தாயாருக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று வாசலில் நின்று, "கடைசி வரைக்கும் நடிச்சே போயிட்டான்" என்ற பெரியப்பாவுக்கும் இந்த மலரில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பெரியப்பா, நினைவுப் பூசைக்கு நீர் வர வேண்டாம். கண் தெரியாவிட்டால் உம் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளும், தெருவுக்குக் கேட்கும்படி.

— தங்கை