பூசைக்குப் போன ஸ்பேனர்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சு நட்டை முறுக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. செயினை இழுத்து, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்து, ஸ்பேனரை மாட்டி உடம்பின் எடையையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு நட்டு கழன்றுவிடாமலிருக்கக் காட்டர் பின்னைச் செருகி அதன் இரண்டு கால்களையும் மடக்கிவிட வேண்டும். நட்டின் வெட்டும் அச்சின் துளையும் நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாமே தவிர, தளர்த்தக் கூடாது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றும் எனக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் எங்களுக்கு நான்கு நிட்டிங் மிஷின் ஓடுகிற ஷெட் ஒன்று இருந்தது. அண்ணன் வியாபாரத்தைப் பார்த்தார், அண்ணி நூல் சுற்றினார், நான் மிஷின்களைப் பார்த்தேன். அண்ணனிடம் யுத்த காலத்து மிலிட்டரி மோட்டார் சைக்கிள் ஒன்று, ஏலத்தில் எடுத்தது. மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். அதற்கு வைத்தியம் பார்ப்பதும் என் தலையில்தான் விடிந்தது.

ஆயுத பூசையன்று காலை அதன் பின்சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டி மாட்டிக்கொண்டிருந்தேன். நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றியிருப்பேன். அதற்குள் அண்ணன் வாசலிலிருந்து சத்தம் போட்டார்.

"டேய், நல்ல நேரம் முடியப்போகுது. சாமானத்தையெல்லாம் கொண்டாந்து வைடா."

ஸ்பேனர், சுத்தியல், ஊசிப் பெட்டி எல்லாம் முருகன் படத்துக்கு முன்னால் போய்விட்டன. பூசைக்கு வைத்த கருவியை மறுநாள் காலையில் கும்பிட்டு எடுக்கும்வரை நாங்கள் தொடுவதில்லை. காலையில் முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல நாளில் திட்டு வாங்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அண்ணி வண்டிக்கு மாலை போட்டு, முன்விளக்கில் தொடங்கிப் பின்சக்கரம்வரை சந்தனம் வைத்துக்கொண்டே போனார்.

மறுநாள் நான் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து வந்தபோது வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அண்ணன் சேவூருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். திருமுருகன்பூண்டி தாண்டியதும் நட்டு கழன்று, சக்கரம் கோணி, செயின் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஓட்டை வண்டி காலை வாரிவிட்டது என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணிக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்றே என் நினைப்பாக இருந்தது.

வண்டியை விற்க அண்ணி சம்மதிக்கவில்லை. ஷெட்டின் கோடியில் நிறுத்தி, புது நட்டுப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். பின்னையும் மடக்கினேன். இனி யாரும் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்துதான் செய்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து திரும்பினேன். மிஷின்கள் நின்றிருந்தன. வெயில் விழுந்த இடத்தில் பஞ்சுத் தூசி மிதந்தது. காட்டர் பின்னை யாரோ நிமிர்த்தி எடுத்து சீட்டின் மேல் வைத்திருந்தார்கள். நட்டைத் தொட்டேன். தானாகச் சுற்றியது. அன்று நான் விட்ட அதே அளவு, ஒரு மரை கூடவுமில்லை, குறையவுமில்லை.

மறுபடி முறுக்கினேன். இரண்டு நாளில் மறுபடியும் அப்படியே. சீட்டின் மேல் காட்டர் பின்.

"ஏனுங்க, உச்சி வேளைல அந்தக் கோடில இரும்புச் சத்தம் கேக்குதுங்க," என்றார் மிஷின் ஓட்டுகிறவர் ஒருவர். "மத்தியானத்துல இனி நாங்க உள்ளார இருக்க மாட்டமுங்க."

பேய் பிசாசு என்றால் கிண்டல் செய்கிற ஆள் நான். அன்று சிரிப்பு வரவில்லை. அந்த அளவு என் ஒருவனுக்குத்தான் தெரியும். என்னைத் தவிர அண்ணனுக்கு, கடைசி நிமிஷத்தில், தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் சாப்பிடப் போகாமல் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். உச்சி வெயில். வெளியே காக்கைகூடக் கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன்.

வெள்ளைச் சேலையில் அண்ணி வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மோதிர விரலை அதன்மேல் வைத்து மெதுவாகத் தள்ளினார்.

"அண்ணி, என்னங்க இது?"

அவர் திடுக்கிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்குப் பொட்டு வெக்கறப்போ இது என்ற வெரலோடயே சுத்துச்சுங்க தம்பி. நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேச வேண்டாம்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன். இவ்வளவுதான் லூசா இருந்துச்சா, இன்னும் லூசான்னு வெச்சு வெச்சுப் பாக்கறேனுங்க. நாந்தானுங்க அவரைக் கொன்னது."

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பாவம் அவர் தலையிலிருந்து என் தலைக்கு வந்துவிடும். ஸ்பேனரை வாங்கி நட்டை முறுக்கினேன்.

"உங்க மேல ஒரு தப்புமில்லீங்க அண்ணி," என்றேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத ஆறுதலை யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகு அண்ணி ஏழெட்டு வருடம் இருந்தார். கடைசிக் காய்ச்சலில் நினைவு தப்பிப் படுத்திருந்தபோதும் அந்த மோதிர விரல் போர்வையின் மேல் எதையோ சுற்றித் தள்ளிக்கொண்டே இருந்தது. விரலைப் பிடித்து நிறுத்தினேன். கையை விட்டதும் மறுபடி சுற்றியது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதும் நான் சொல்லவில்லை.