எண்ணாமல் கொடுத்த மீதி

டோங்காவின் நெய்யாஃபு ஊரில் சனிக்கிழமை காலைப் பணத்தில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தால், முந்தின ராத்திரி எங்கேயோ ஒரு பெண் ஆடியிருக்கிறாள் என்று அர்த்தம். ஆடுகிறவளுக்குத் தோளும் கையும் மினுமினுக்க எண்ணெய் பூசுவார்கள். பார்க்கிறவர்கள் எழுந்து போய் அந்த எண்ணெயிலேயே நோட்டை ஒட்டிவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடத்துக் கூரைக்கோ சர்ச் வேலிக்கோ பணம் சேர்ந்துவிடும். சேர்த்தவர்களுக்குச் சந்தோஷம்தான். மறுநாள் கல்லாவில் உட்காருகிறவளைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒட்டின இரண்டு நோட்டு ஒரே நோட்டாகக் கையை விட்டுப் போகும், போனது போனதுதான்.

ஹிங்கானோவின் கடையில் பதினோரு வருஷமாகக் கல்லாவில் இருக்கும் லோசலினிக்கு, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இரண்டு தடவை அப்படிப் போயிருந்தது. முதல் தடவை இருபது பாங்கா நோட்டு, அடுத்த தடவை பத்து. இரண்டையும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாள் ஹிங்கானோ. பிடித்தபிறகு ஒன்று சொன்னாள்.

"நீ எடுக்கிறவ இல்ல, எனக்குத் தெரியும். ஆனா கல்லாவுக்கு அது தெரியாது பாரு. இன்னொரு வாட்டி குறைஞ்சா அந்த ஸ்டூல்ல வேற ஆள்தான்."

ஹிங்கானோ விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. லோசலினியின் புருஷன் ஆஸ்திரேலியாவுக்கு ஆப்பிள் பறிக்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து வீட்டோடு கிடந்தான். பிள்ளைகள் மூன்று. அந்த ஸ்டூல் போனால் அடுப்பும் போனமாதிரி.

அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு தட்டில் மைதா மாவு. எண்ணெய் நோட்டு வந்தால் ஒவ்வொன்றாக மாவில் புரட்டி, உதறி, பிறகுதான் கல்லாவில் போடுவாள். வாங்குகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். "என்ன லோசலினி, நோட்டைப் பொரிக்கப் போறியா?" என்பார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும். மாவு வந்தபிறகு ஐந்து மாதமாக ஒரு செனிட்டி காசுகூடக் குறையவில்லை.

அந்தச் சனிக்கிழமை மட்டும் மாவுக்கு நேரமில்லாமல் போனது.

கடை பன்னிரண்டு மணிவரைதான். ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கும் என்பதால் எல்லோருக்கும் எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்குள் வேண்டும். ஒன்பது மணிக்கே வரிசை ரொட்டி அடுக்குவரை நின்றது. சர்ச் பொருளாளர் விலிசோனி, நேற்றுக் கச்சேரியில் சேர்ந்த பணத்தோடு வந்து, விருந்துக்கு அரிசி மூட்டையும் கோழிப் பெட்டியும் எடுத்தார். ஆயிரத்து நானூறு பாங்கா. அத்தனையும் எண்ணெய்.

"சீக்கிரம்மா, வண்டி நடு ரோட்டுல நிக்குது" என்றார். பின்னால் ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே முறைத்தாள். லோசலினி கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணி, அப்படியே கல்லாவில் திணித்தாள். பிறகு புரட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

அதற்குப் பின்னாலேயே அத்தை வந்தாள்.

சியோசியானா, லோசலினியின் அப்பாவோடு பிறந்தவள். அப்பாவின் தங்கை என்றால் டோங்காவில் சாதாரணமில்லை. அண்ணன் பிள்ளைகள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். லோசலினியின் கல்யாணத்துக்குச் சீராக வந்த பாய்களில் நல்லதாகப் பார்த்து நாலை, யாரையும் கேட்காமல், சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனவள் இந்த அத்தை. அதை லோசலினி பெருமையாகவே சொல்லுவாள். எடுக்கிற உரிமை அவளுக்கு உண்டு. கேட்கிற உரிமைதான் இவளுக்குக் கிடையாது.

அத்தையைக் கண்டதும் வரிசை தானாக விலகியது. லோசலினி ஸ்டூலை விட்டு இறங்கினாள். அத்தை நிற்கும்போது இவள் உயரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆட்டுக்கறி, மீன் டப்பா, வெள்ளை நூல். முப்பத்தெட்டு பாங்கா. அத்தை நூறு நீட்டினாள்.

மற்றவர்களுக்கு மீதி கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக, உள்ளங்கையில் எண்ணி வைப்பாள் லோசலினி. அத்தையிடம் அப்படி எண்ணுவாளா? எண்ணுவதே சந்தேகப்படுகிற மாதிரி. ஐம்பது, பத்து, இரண்டு என்று மூன்று நோட்டையும் ஒன்றாக மடித்து, குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அத்தையும் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு, "உன் புருஷனுக்குச் சூப்பு வச்சுக் கொடுடி, எலும்பு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தேமுக்காலுக்கு வரிசை கொஞ்சம் இளைத்தது. லோசலினி மெஷினில் கணக்கைப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் வைத்து அவசரமாக நோட்டுகளை எண்ணினாள். ஐம்பது குறைந்தது. மறுபடி எண்ணினாள். ஐம்பதுதான் குறைந்தது.

பக்கத்துக் கல்லாவில் இருந்த கலோலைனே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, எதற்கும் பயப்படாத வாய்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி?"

"ஐம்பது இல்ல."

"ஐயோ! யாருக்கெல்லாம் ஐம்பது நோட்டு மீதி கொடுத்தே?"

இரண்டே பேர். ஒருவன் பாய்மரப் படகுக்கார வெள்ளைக்காரன். அவன் கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தது கண்ணில் நிற்கிறது. அவனும் திரும்ப எண்ணினான். மிச்சம் ஒருத்தர்தான்.

"அப்போ அத்தைதான்" என்றாள் கலோலைனே. "போய்க் கேளு."

"வாயைக் கழுவு. அத்தைகிட்டப் போய்ப் பணத்தைக் கேக்கிறதா?"

"திருடினேன்னா கேக்கப் போறே? ஒட்டியிருந்துச்சான்னு கேளேன். இல்லாட்டி ஒண்ணு பண்ணு. வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாங்கா குறைச்சுக் கொடு. பன்னிரண்டுக்குள்ள சேர்ந்துடும்."

லோசலினி அதையும் செய்து பார்த்தாள், பொய் சொல்லக் கூடாது. அடுத்து வந்த கிழவருக்கு ஒரு பாங்கா குறைத்துக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லி வாசல்வரை போய்விட்டார். அதற்குமேல் இவளால் முடியவில்லை. "தாத்தா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். கலோலைனே தலையில் அடித்துக்கொண்டாள்.

லோசலினியின் பையில் ஏழு பாங்காதான் இருந்தது. கலோலைனேயிடம் பஸ் காசு மட்டும்தான். மணி பதினொன்று. டீ குடிக்கப் பதினைந்து நிமிஷம் உண்டு. லோசலினி சர்ச்சுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.

வழியெல்லாம் வார்த்தையைத் தேடினாள். இப்படிச் சொல்லலாம், அப்படிச் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் கடைசியில் அது சந்தேகமாகத்தான் வந்து நின்றது.

அத்தை பாயில் உட்கார்ந்து சேம்பிலையில் கறியை வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மருமகள்கள் இரண்டு பேர் தேங்காய் திருகிக்கொண்டிருந்தார்கள். லோசலினி வாசலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னடி, கடையை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"சும்மாதான் அத்தை."

"சும்மா வர்ற மூஞ்சியா இது? உன் புருஷனுக்கு ஏதாவதா?"

"இல்ல அத்தை. அவர் நல்லா இருக்கார்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலையில நான் கொடுத்த மீதி... நோட்டெல்லாம் எண்ணெயா இருந்துச்சு. ஒருவேளை ஒட்டிக்கிட்டு ரெண்டா வந்திருக்குமோன்னு..."

தேங்காய் திருகுகிற சத்தம் நின்றது.

"எவ்வளவு?" என்றாள் அத்தை.

"ஐம்பது."

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள். பையை எடுத்துப் பாயில் தலைகீழாகக் கொட்டினாள். சாவி, சீப்பு, ஜெபக் கூட்டத்துச் சீட்டு, இவள் மடித்துக் கொடுத்தபடியே இருந்த நோட்டு.

"ஐம்பது. பத்து. ரெண்டு." ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "தேய்ச்சுப் பாரு."

"வேண்டாம் அத்தை."

"தேய்ச்சுப் பாருங்கறேன்."

லோசலினி ஐம்பதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். ஒரே நோட்டுதான். அவளுக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது.

"பெட்டியும் இருக்கு, உள்ளே. திறக்கச் சொல்லட்டுமா?"

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. இன்னைக்குக் குறைஞ்சா என் வேலை போயிடும். புத்தி வேலை செய்யல."

அத்தை அந்த ஐம்பதை எடுத்து இவள் மடியில் போட்டாள். "எடுத்துக்கிட்டுப் போ. 'அத்தை, எனக்கு ஐம்பது வேணும்'னு வந்திருந்தா, பன்னியை வித்தாவது கொடுத்திருப்பேன். நீ கேட்டது அது இல்லையே." மறுபடி சேம்பிலையைக் கையில் எடுத்தாள். பிறகு இவள் பக்கம் திரும்பவில்லை.

வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்திருக்கலாம். புருஷனின் இடுப்பும் மூன்று பிள்ளைகளின் வாயும் கண்ணில் நிற்க, லோசலினி அதை எடுத்துக்கொண்டுதான் மேட்டை விட்டு இறங்கினாள். கலோலைனே பார்க்காதபோது கல்லாவில் போட்டாள்.

பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிட்டு ஹிங்கானோ எண்ண உட்கார்ந்தாள். எண்ணெயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். "மாவு எங்கே? இதையெல்லாம் புரட்டவே இல்லையா நீ?" என்று தட்டைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். லோசலினி நின்றுகொண்டே இருந்தாள். இருபதுகள் முடிந்தன. ஐம்பதுகள் வந்தன. நாலாவது ஐம்பதை எடுத்தவள், நகத்தால் ஓரத்தைக் கீறினாள். அது இரண்டாகப் பிரிந்து வந்தது.

"பாத்தியா, எப்படி ஒட்டிக்கிட்டுக் கிடக்குதுன்னு!" என்றாள் ஹிங்கானோ. முழுக்க எண்ணி, மெஷின் சீட்டைப் பார்த்து, மறுபடி எண்ணினாள். "என்னது, ஐம்பது அதிகமா இருக்கு?"

லோசலினி ஒத்துக்கொண்டாள். "அது என்னோடது. குறையுதுன்னு நினைச்சு நான்தான் போட்டேன்."

"சொந்தக் காசைக் கல்லாவுல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இந்தா, பிடி. கணக்குச் சரியா இருக்கு. எதுக்குடி அழறே? அதான் சரியா இருக்குல்ல?"

சாயங்காலம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு புருஷனும் கூட வர, மன்னிப்புக் கேட்க, வீட்டில் மிச்சமிருந்த ஒரே நல்ல பாயைச் சுமந்துகொண்டு லோசலினி மறுபடி மேடேறினாள். அத்தை இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள். பாயை வாங்கிக்கொண்டாள். "கணக்குச் சரியாச்சா? நல்லது, வேலை நிலைச்சுது" என்றாள். அவன் இடுப்பைப் பற்றி விசாரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

லோசலினி முழங்காலில் நகர்ந்து போய், அந்த ஐம்பதை மடித்து, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அத்தை வாங்கவில்லை. ஒரு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், கல்லாவுக்கு முன்னால் நிற்கிற யாரோ ஒருத்தி மாதிரி.

"எண்ணிக் கொடு" என்றாள்.

இருந்தது ஒரே ஒரு நோட்டு. மருமகள்களும் புருஷனும் பார்த்துக்கொண்டிருக்க, லோசலினி மடிப்பைப் பிரித்து, விரலுக்கு நடுவே தேய்த்து, அந்தக் கையில் வைத்தாள்.

"ஐம்பது" என்றாள்.